நிலையற்ற மழையும் சிறு காய்கறித் தோட்டமும்

ஆண்டில் இருமுறை மழை பெறும் நிலம் பேறு பெற்ற நிலம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. திருவனந்தபுரம் மாவட்டம் அத்தகையதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை தருகின்றன. முன்னதை இடவப்பாதி என்றும், பின்னதைத் துலாவர்ஷம் என்றும் மலையாள மக்கள் வழங்குவர். சூரியன் 27 நட்சத்திரங்களின் வழியே செல்லும் ஆண்டினைப் பதின்மூன்றரை நாள் அளவுள்ள 27 பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் 'ஞாற்றுவேல' எனப் பெயரிட்டு, இன்ன ஞாற்றுவேலையில் இன்னது நடவேண்டும் என முன்னோர் வகுத்தனர். ஜூன் மாதக் கடைசியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேல நடவுக்கு மிகச் சிறந்தது என்பது இன்றும் அங்கு வழங்கும் நம்பிக்கை. நூற்றாண்டுகளின் அனுபவத்தால் கிட்டிய சராசரிக் கணக்கே இது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கத் தக்கதன்று. ஆயினும் சராசரி என்பது ஒன்று; கண்முன் உள்ள ஆண்டு என்பது மற்றொன்று.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய நாளாக வானிலைத் துறை கொண்டிருப்பது ஜூன் 1. கடந்த 150 ஆண்டுகளில் மழை மிக முந்தியது 1918ஆம் ஆண்டில், மே 11 அன்று. மிகப் பிந்தியது 1972ஆம் ஆண்டில், ஜூன் 18 அன்று. அண்மையில் 2023ஆம் ஆண்டில் ஜூன் 8, 2024இல் மே 30, 2025இல் மே 24 என அந்நாள் முன்னும் பின்னும் ஊசலாடியது. தொடங்கும் நாள் மட்டுமன்று, தொடங்கியபின் மழை நடந்துகொள்ளும் முறையும் நிலையற்றதே. இதற்கு இரண்டு ஓணங்களைச் சான்றாகக் கூறலாம்.

ஓணச் சந்தையை எண்ணியே கேரளத்தின் சிறு விவசாயி பாகல், புடல், பயறு, வெள்ளரி ஆகியவற்றை ஜூன் மாதத்தில் விதைக்கிறார். 2018ஆம் ஆண்டில் திருவோணம் ஆகஸ்ட் 25 அன்று வந்தது. அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளம் பெறவேண்டிய மழை 1649.5 மி.மீ.; பெற்றதோ 2346.6 மி.மீ. மாநிலத்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் தோட்டம் மட்டுமன்றி வீடுகளும் மூழ்கின. 2023ஆம் ஆண்டில் திருவோணம் ஆகஸ்ட் 29. இந்தியா முழுமைக்கும் 1901ஆம் ஆண்டுக்குப் பின் அதுபோல் வறண்ட ஆகஸ்ட் மாதம் வந்ததில்லை. கேரளத்தில் அப்பருவ மழை 34 சதவீதம் குறைந்தது. கிணற்றில் நீர் இறங்கிவிட்டதே எனக் கவலையுற்றிருந்த திருவனந்தபுரம் விவசாயிக்கு, அதே ஆண்டு அக்டோபர் 14 இரவும் மறுநாளும் பெய்த பெருமழை வேறு பாடத்தைக் கற்பித்தது. நகரின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வறட்சிக்கென இரு வாரங்களுக்கு முன் குழியில் நட்ட நாற்று, அதே குழியில் நீர் தேங்கி அழுகும். இதுவே இன்றைய இடர்ப்பாட்டின் உண்மையான வடிவம். மழை மிகுதி, மழைக் குறைவு என்பவை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளுக்குரிய நோய்கள் அல்ல. ஒரே பயிரின் வாழ்நாளில் இரண்டும் வந்து செல்கின்றன.

இம்மாவட்டத்தில் பெரும்பாலோர் வைத்திருக்கும் நிலம் சென்ட் கணக்கில் எண்ணத்தக்கது. இருபது சென்ட் நிலத்தில் காய்கறி பயிரிடுபவருக்கு ஓர் இரவின் மழை மூன்று மாத உழைப்பையும், விதை, உரம், பந்தல் ஆகியவற்றிற்கு வாங்கிய கடனையும் ஒருங்கே கொண்டுசெல்லும். அவ்வாறு நேரும்போது சாலைச் சந்தையில் அவர் இடத்தை எல்லைக்கு அப்பாலிருந்து வரும் லாரிக் காய்கறி நிரப்பிவிடும். நுகர்வோருக்கு இழப்பில்லை, பயிரிட்டவருக்கே இழப்பு. எனவே நிலையற்ற மழைக்கு ஏற்பத் தோட்டத்தை அமைப்பது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

மழையை அளந்து அறிதல்

திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டில் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். இந்தியாவில் மிகப் பழமையான வானிலைக் குறிப்புகள் சில அங்கு எழுதப்பட்டவை. ஆனால் நகரிலுள்ள நிலையத்தின் அளவு பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தோட்டத்திற்குப் பொருந்தும் என எண்ணுதல் தவறு. கிழக்கே மலைத்தொடரும் மேற்கே கடலும் நெருங்கி நிற்கும் இக்குறுகிய நிலப்பகுதியில், ஓர் ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறலாக நின்றுவிடுவதும் உண்டு. ஆதலின் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மழைமானி இருத்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகர டப்பா ஒன்றை, மரநிழல் படாத இடத்தில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஆடாமல் நிறுத்தினால் போதும். காலை எட்டரை மணிக்கு உள்ளே தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர் கணக்கிலான மழையளவு. டப்பாவின் வாய் அகலம் எதுவாயினும் விடை ஒன்றே.

இவ்வளவின் பொருள் யாது? ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டும் நீர் 40 லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் அதனைக் கனமழை என வானிலைத் துறை வகுத்துள்ளது. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதனையும் கடந்தது அதிகனமழை. கனமழையின் கீழெல்லையாகிய 64.5 மி.மீ. பெய்தாலே இருபது சென்ட் நிலத்தில் விழும் நீர் 52,000 லிட்டருக்கு மேல். இந்நீர் வெளியேற வழியுண்டா என்பதைக் கோடையிலேயே பார்த்துவைக்க வேண்டும். மழை பெய்யும்போது மண்வெட்டியுடன் ஓடுவதால் பயன் சிறிதே.

இனி மறுபக்கத்தைக் காண்போம். வெயில் காலத்தில் காய்கறிப் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. நீரை ஆவியாக்குகின்றன. 64.5 மி.மீ. மழை பதின்மூன்று நாள்களுக்குப் போதும் என்று கணக்குக் கூறும். தோட்டமோ ஒரு வாரத்திலேயே வாடத் தொடங்குகிறது. ஏன்? காய்கறி வேர்களில் பெரும்பகுதி மேலுள்ள ஓரடி ஆழத்திலேயே பரவியிருக்கிறது. மணற்பாங்கான செம்மண்ணில் அந்த ஓரடி மண் பயிருக்குப் பயன்படும் நிலையில் தேக்கிவைக்கும் நீர் ஏறக்குறைய 30 மி.மீ. அளவே. எஞ்சியது ஓடிவிடுகிறது, அல்லது வேரைக் கடந்து கீழே இறங்கிவிடுகிறது. ஆறு நாள்களில் சேமிப்புத் தீர்ந்துபோகிறது. பெருமழை பெய்த மறுவாரமே நீர் பாய்ச்ச வேண்டியிருப்பது விந்தையன்று. மண்ணின் சேமிப்பைப் பெருக்கும் வழி, அதில் மக்கிய பொருளைப் பெருக்குவதே. சென்டுக்கு 80 முதல் 100 கிலோ வரை மக்கிய தொழுவுரம் இடவேண்டும் என்னும் பரிந்துரை பயிருக்கு உணவு என்பதைவிட, நீருக்குக் கொள்கலம் என்னும் முறையில் இங்கு முக்கியமானது. மக்கவைத்த தேங்காய் நார்க்கழிவும் இவ்விடத்தில் எளிதிற் கிட்டும். தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரை அது தாங்கவல்லது.

நீரில் நின்று வாடும் செடி

மழை நீர் தேங்கிய பாத்தியில் மிளகாய்ச் செடி வாடி நிற்பதைக் கண்டு பலர் திகைப்பர். காலடியில் நீர் நிற்க, இலை ஏன் துவளவேண்டும்? வேரும் உயிருள்ள உறுப்பாதலின் அதற்குச் சுவாசம் உண்டு. மண் துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவைப் பெறுகிறது. இடைவெளி நீரால் நிரம்பினால் வேரை அடையும் பிராணவாயு அற்பமாகிவிடும். ஏனெனில் நீரினூடே அவ்வாயு பரவும் வேகம் காற்றினூடே பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. மூச்சடைத்த வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. இலைத் துளைகள் மூடிக்கொள்கின்றன, இலை துவள்கிறது. அவ்வமயம் செடி தாகத்தால் வாடுகிறது என எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் உண்டு. அது செடியைக் கொல்வதற்கு நிகர்.

எல்லாச் செடிகளும் இவ்வாறு இல்லை. சேம்பின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் அமைந்திருப்பதால் இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்கிச் செல்கிறது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த வசதி இல்லை. ஓரிரு நாள்களுக்கு மேல் அவற்றின் வேர் மூழ்கியிருத்தல் ஆகாது. ஆகவே தோட்டத்தின் தாழ்ந்த மூலையைச் சேம்புக்கும், மேட்டைத் தக்காளி, மிளகாய், கத்தரிக்கும் ஒதுக்குதல் அறிவுடைமை. செலவில்லாத இந்த ஏற்பாட்டை வரிசை அழகு கருதிப் புறக்கணிப்போர் பலராயிருப்பது வியப்பே.

மேட்டுப்பாத்தியும் பள்ளப்பாத்தியும்

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிப் பரிந்துரை, தண்டுக்கீரையை வேனிலில் ஆழமற்ற சால்களிலும், மழைக்காலத்தில் மேட்டுப்பாத்திகளிலும் நடச்சொல்கிறது. சாலில் நட்டால் ஊற்றிய நீர் வேரைவிட்டு அகலாது. மேட்டில் நட்டால் மிகுந்த நீர் வேரருகே நில்லாது. பருவம் ஒழுங்காக நடந்தவரை இவ்விரண்டுமே போதும். ஆனால் வறட்சிக்குப் பின் வெள்ளமும், வெள்ளத்திற்குப் பின் வறட்சியும் முப்பது நாள்களுக்குள் வருமானால் எதனைத் தேர்வது?

மேட்டுப்பாத்தியைத் தேர்ந்து, அதன் வாய்க்காலை நமது ஆட்சியில் வைத்துக்கொள்வதே தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மூழ்கிய செடியை மீட்க இயலாது. மேட்டில் காய்ந்த செடிக்கு நீர் கொணர்ந்து ஊற்றவேனும் முடியும். ஒரு மீட்டர் அகலமும் ஓரடி உயரமும் உள்ள பாத்திகளை அமைத்து, அவற்றினிடையே ஓரடி அகல வாய்க்கால்களை விடுக. ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு பொதுவடிகாலில் சேரும் வாயில், மண் அடைத்த சாக்கு ஒன்றைக் கதவுபோல் வைக்கலாம். வானம் வறண்டிருக்கும்போது வாய் அடைக்கப்பட்டிருக்கும். சிறு மழை பெய்தால் நீர் வாய்க்காலில் நின்று பாத்தியின் பக்கங்கள் வழியே உட்கசியும். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் சாக்குகளை அகற்றிவிடவேண்டும். சரிவான நிலமாயின் வாய்க்கால்களைச் சரிவுக்குக் குறுக்கே சற்றே சாய்வாக வெட்டுக; நேர்ச்சரிவில் வெட்டினால் நீருடன் மண்ணும் போய்விடும்.

வெள்ளாயணி ஏரியை அடுத்த கல்லியூர், புஞ்சைக்கரி முதலிய பகுதிகளில் நெல்வயலாயிருந்த தாழ்நிலங்களிலும் பாகலும் பயறும் பந்தலேறி நிற்பதைக் காணலாம். அங்கு வடிகால் என்பது ஒருவரது வேலியோடு முடிவதன்று. மேல் நிலத்தார் வெட்டிய வாய்க்கால் கீழ் நிலத்தாரின் பாத்தியில் சென்று முடியுமாயின் பூசலே விளையும். பொது ஓடையைத் தூர்வாருவது மழைக்குமுன் ஊரார் கூடிச் செய்யவேண்டிய பணி.

பாத்தியின் மேற்பரப்பை உலர்ந்த இலை, தென்னையோலை, வைக்கோல் ஆகியவற்றால் மூடுவதற்கு மூடாக்கு என்று பெயர். இது வெயிலில் ஆவியாதலைக் குறைக்கும். மழையில் துளிகள் மண்ணை அடித்துச் சிதறுவதைத் தடுக்கும். இரு திசைகளிலும் காக்கும் கேடயம் இது ஒன்றே எனலாம். செங்கீரையில் இலைப்புள்ளி நோயைப் பரப்புவது பெரும்பாலும் மண்ணிலிருந்து தெறிக்கும் நீர். ஆகவே கீரைக்கு நீரைத் தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுக. செங்கீரையாகிய 'அருண்' முதலியவற்றை, நோயைத் தாங்கும் 'கோ-1' என்னும் பச்சைக் கீரையுடன் கலந்து விதைத்தால் நோய் குறைகிறது என்பதும் அங்கு நன்கு அறியப்பட்ட முறை.

புளித்த மண்ணும் வாடல் நோயும்

மிகுமழை மண்ணிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்து இறக்கிவிடுவதால், இம்மாவட்டத்துச் செம்மண்ணும் செம்புரை மண்ணும் புளிப்புத் தன்மை உடையவை. அப்புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். குட்டையான வேர் வறட்சியில் முதலில் தோற்கும். நடவுக்கு முன் சென்டுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ சுண்ணாம்பு இட்டு மண்ணுடன் கலந்து, இரு வாரம் கழித்து உரமிடுவது இதற்கு மருந்து.

இம்மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் பெரும்பகை பாக்டீரியா வாடல் நோய். காலையில் பசுமையாயிருந்த செடி மாலையில் இலை மஞ்சளாகாமலே துவண்டுவிடும். தேங்கிய நீராலா, தாகத்தாலா, நோயாலா என்ற ஐயம் எழும்போது எளிய சோதனை ஒன்றுண்டு. செடியின் அடித்தண்டில் விரலளவு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் மட்டும் அமிழுமாறு தொங்கவிடுக. சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற வெண்ணிற இழை கீழ்நோக்கி ஒழுகுமாயின் அது பாக்டீரியாவே. அச்செடியை வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும். அதன் குழி வழியாக நீர் அடுத்த செடிக்குச் செல்லவிடலாகாது. தாங்கும் இனங்களை நடுவதே நிலையான வழி. தக்காளியில் 'சக்தி', 'முக்தி', 'அனகா', கத்தரியில் 'சூர்யா', 'ஸ்வேதா', 'ஹரிதா', மிளகாயில் 'உஜ்ஜ்வலா', 'அனுக்ரஹா' ஆகியவை கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அளித்துள்ள அத்தகைய இனங்கள்.

உரத்தைப் பற்றி ஒரு சொல். நைட்ரஜன் உரம் மழையில் விரைவாகக் கரைந்து இறங்குவது. அதனை ஒரே தடவையில் இடுவது மழைக்கு உரமிடுவதேயாகும். சிறு சிறு பங்குகளாக, வானிலைக் குறிப்பைப் பார்த்து இடுக.

பூக்கும் வேளை

காய்கறியில் மழையின் கேட்டினை இலையிலும் வேரிலும் மட்டுமே தேடுதல் போதாது. பாகல் பூக்கள் விடியற்காலையில் மலர்கின்றன. புடலின் வெண்ணிறப் பூக்கள் மாலை மங்கும் வேளையில் விரிகின்றன. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால் பூச்சிகள் வந்தாலன்றிக் காய் இல்லை. மழையில் பூச்சிகள் பறப்பதில்லை. துலாவர்ஷம் பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் தொடங்கி மாலையில் கொட்டுவது. ஆதலின் அக்காலத்தில் பாகலைவிடப் புடலே காய்ப்புக் குறைவால் துன்புறும் என எதிர்பார்க்கலாம். இடைவிடாத மழை நாள்களில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை மடக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தேய்த்துவிடும் கைவேலை, சிறு தோட்டத்தில் இயலாத செயலன்று.

காலத்தைப் பங்கிடுதல்

இருபது சென்டிலும் ஒரே நாளில் ஒரே பயிரை விதைத்தால், அப்பயிரின் மென்மையான பருவங்களாகிய நாற்றுப் பருவமும் பூப்பருவமும் தோட்டம் முழுமைக்கும் ஒரே வாரத்தில் வந்துசேரும். அவ்வாரத்து வானிலை தீயதாயின் அனைத்தும் போயிற்று. நிலத்தை நான்காகப் பகுத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்தால், ஒரு பெருமழை ஒரு பங்கையே மென்மையான பருவத்தில் தாக்கும். இதற்கு விலையும் உண்டு: ஓணத்திற்கு முந்திய வாரத்தில் விற்கக்கூடிய சரக்குக் குறையும், நல்ல ஆண்டில் இலாபம் சுருங்கும். பாதி நிலத்தைத் திருவிழாவுக்கும் பாதியைத் தவணை விதைப்புக்கும் வைப்பது நடுநிலையான வழியாகத் தோன்றுகிறது. நட்டு மூன்று நான்கு வாரங்களில் பறிக்கும் கீரை, ஏழு வாரங்களில் காய்க்கும் வெண்டையும் பயறும், மூன்று மாதம் காத்திருக்கவேண்டிய தடியங்காய் ஆகிய மூவகையும் தோட்டத்தில் இருத்தல் நலம். தடியங்காய் பறித்தபின் நெடுநாள் கெடாதிருப்பதால் விலை வீழ்ந்த நாளில் விற்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

வசதியுள்ளவர் 100 சதுர மீட்டர் அளவில் மழைமறைப்பு அமைக்கலாம். புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தடிப்புள்ள பாலிதீன் தாளைக் கூரையாக இட்டு, பக்கங்களைத் திறந்தே விடவேண்டும். மூடினால் இங்குள்ள வெப்பத்தில் உள்ளே அடுப்புப்போல் ஆகிவிடும். அக்கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிட்டும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கூரை நீரைத் தொட்டியில் சேர்த்தால், வெள்ளத்திலிருந்து காக்கும் பொருளே வறட்சிக்கும் உதவும். கால்களை ஆழ ஊன்றிக் கயிற்றால் இறுக்கவேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இக்கடற்கரையை அண்டிச் சென்றபின், இங்குப் புயல் வராது என்று கூறுவதற்கில்லை.

வானிலைத் துறை செவ்வாய், வெள்ளி ஆகிய கிழமைகளில் வேளாண்மைக்கென ஐந்து நாள் முன்னறிவிப்பை வெளியிடுகிறது. ஐந்து நாள் என்பது விதைப்பை ஒத்திப்போடவும், முற்றிய காயைப் பறித்துவிடவும், உரத்தை நிறுத்திவைக்கவும் போதுமான அவகாசம். ஒவ்வோர் ஊராட்சியிலும் உள்ள கிருஷி பவனில் பயிரைக் காப்புறுதிக்குப் பதிந்துகொள்வதையும் நடவு வாரத்திலேயே முடித்துவிடுக.

வெள்ளம் வடிந்தபின்

நீர் வடிந்த முதல் நாள் பாத்தியில் கால் வைக்கலாகாது; ஈர மண் மிதிபட்டு இறுகினால் வேருக்குக் காற்று மீண்டும் அடைபடும். வாய்க்காலிலிருந்து மட்டும் வண்டலை அகற்றுக. மேற்பரப்பு உலர்ந்தபின் கைக்கொத்தால் மேலோடு கிளறி, இலையிற் படிந்த சேற்றைத் தெளிந்த நீரால் கழுவவேண்டும். வேர் நலிந்த நிலையில் மண்ணில் இடும் உரம் பயனளிக்காது. 19:19:19 கலப்புரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். நான்காம் நாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கையில், விடியலிலும் துவண்டிருக்கும் செடி பிழைக்காது என்று கொள்க. அவற்றைப் பிடுங்கிய இடம் காலியாகக் கிடக்க வேண்டியதில்லை. திண்ணையோரத்தில் குழித்தட்டுகளில் எப்போதும் நூறு இருநூறு கீரை நாற்றுகளை வளர்த்துவைத்திருப்பவர், அன்று மாலையே அவற்றை அவ்விடங்களில் நட்டு, இருபத்தைந்தாம் நாள் முதற்கட்டுக் கீரையைச் சந்தைக்கு அனுப்புகிறார்.